சந்தாவா, சொந்தமா?

டேப்லெட்டில் எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் மென்பொருள் வாங்குமுன் தேவபிள்ளைகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு



மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு. மும்பைப் புறநகரிலுள்ள ஒரு தமிழ்ச் சபையில், மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வாசிக்க வேண்டும். கணக்கு எழுதும் மூத்த சகோதரர் தமது டேப்லெட்டைத் திறந்தார். பன்னிரண்டு மாதக் காணிக்கை, தசமபாகம், ஆராதனைக் கூடத்தின் வாடகை, மிஷனெரி உதவி யாவும் அதில்தான் பதிவாகியிருந்தன. கணக்குத் தாள் திறந்தது, எண்களும் தெரிந்தன. ஆனால் ஓர் எண்ணைக்கூடத் திருத்த முடியவில்லை. சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்ற அறிவிப்பு மாத்திரம் திரையில் வந்து நின்றது.

நடந்தது இதுதான். அந்த டேப்லெட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன் சபையின் வாலிபர்கள் அன்பளிப்பாக வாங்கித் தந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், கணக்கெழுதும் செயலிக்கான ஆண்டுச் சந்தாவைத் தம்முடைய வங்கி அட்டையின் மூலம் கட்டியிருந்தார். பின்பு அவருக்குப் பூனாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வங்கி அட்டையும் மாறியது. தானாகக் கழிந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனது. மூத்த சகோதரருக்கோ அது சந்தா என்பதே தெரியாது. "டேப்லெட்டோடு இதுவும் நமக்குச் சொந்தம் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார் அவர்.

அருகில் நின்ற ஒரு தம்பி, "ஐயா, பத்தே நிமிடம் கொடுங்கள். பணம் கட்டாமல் திறந்துகொள்ளும் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. ஏற்றித் தருகிறேன்" என்றான். மூத்தவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, காணிக்கைக் கணக்கைக் களவுப் பேனாவால் எழுதலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பு, பிரசங்கக் குறிப்பு, கடைக் கணக்கு, வேலைக்கான விண்ணப்பம் என்று நம் இல்லங்களிலும் டேப்லெட் இடம் பிடித்துவிட்ட இந்நாளில், அந்தக் கேள்வி நம் எல்லாருக்கும் உரியது.

வாடகையும் கிரயமும்

பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த நமக்கு வாடகைக்கும் கிரயத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊரில் பட்டா உள்ள ஓட்டு வீடு; நகரத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஓர் அறை. ஊர் வீடு ஒழுகினாலும் நம்முடையது. நகரத்து வீடு வசதியானது என்றாலும், வாடகை தவறினால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வேதத்திலே இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம்பண்ண இடம் தேடியபோது, எப்பெரோன் நிலத்தைச் சும்மா தருவதாகச் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. நானூறு சேக்கல் வெள்ளியைச் சாட்சிகள் முன்பாக நிறுத்துக்கொடுத்து, மக்பேலா நிலத்தைத் தமக்கு உறுதிப்படுத்திக்கொண்டார் (ஆதியாகமம் 23). அப்போஸ்தலனாகிய பவுலோ ரோமாபுரியில் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் தேவனுடைய ராஜ்யத்தைக் குறித்துப் பிரசங்கித்தார் (அப்போஸ்தலர் 28). ஒருவருக்குக் கிரயம் தேவைப்பட்டது. மற்றவருக்கு வாடகை போதுமாயிருந்தது. தேவை எதுவோ அதற்கேற்றபடி செய்தார்கள். வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று எண்ணிக்கொள்வதே ஆபத்து.

சந்தா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இப்படிப்பட்ட குடும்ப இதழ்களுக்கு ஆண்டுச் சந்தாவும் ஆயுள் சந்தாவும் கட்டிப் பழகியவர்கள் நாம். ஆனால் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. இதழின் சந்தா முடிந்தால் புதிய இதழ் வராது. பெட்டியில் அடுக்கி வைத்த பழைய இதழ்களை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். மென்பொருளின் சந்தா முடிந்தாலோ கையிலிருந்த பேனாவே போய்விடுகிறது. எழுதி வைத்ததை வாசிக்கலாம். தொடர்ந்து எழுத முடியாது.

வழக்கம் மாறிய விதம்

2000-ஆம் ஆண்டுகளில் மென்பொருள் என்பது குறுந்தகடாகக் கடையில் விற்ற சரக்கு. ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் பயன்பட்டது. 'ஆபிஸ் 2003' தொகுப்பை வாங்கியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்துவந்தது. ஏறக்குறைய பத்தாண்டு ஆயுள்!

2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வெளிவந்தபோது, எழுதுவதற்குப் 'பேஜஸ்', கணக்குக்கு 'நம்பர்ஸ்', காட்சி உரைக்குக் 'கீநோட்' என்னும் மூன்று செயலிகளும் தனித்தனியே 9.99 டாலருக்கு விற்கப்பட்டன. அது கிரயமே. 2013-இல் புதிய கருவி வாங்குவோருக்கும், 2017-இல் அந்நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கும் அனைவருக்கும் அவை இலவசமாயின.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் சென்றது. 2013 ஜனவரியில் வீடுகளுக்கான சந்தாத் திட்டத்தைத் தொடங்கியது. 2014 மார்ச்சில் ஐபேடுக்கான 'வேர்ட்', 'எக்செல்', 'பவர்பாயிண்ட்' செயலிகளை வெளியிட்டபோது, வாசிப்பது இலவசம், எழுதுவதற்குச் சந்தா வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் அடிப்படை எழுத்து வேலையை இலவசமாக்கியது. 2020 ஏப்ரலில் அந்தச் சந்தாத் திட்டம் 'மைக்ரோசாஃப்ட் 365' என்று பெயர் மாறியது.

நிறுவனங்கள் ஏன் சந்தாவை விரும்புகின்றன? ஒருமுறை வாங்கியவர் பத்தாண்டு திரும்பி வராமல் இருக்கலாம். சந்தாதாரரோ ஆண்டுதோறும் வருகிறார். நமக்கும் இதில் நன்மை இல்லாமல் இல்லை. புதிய வசதிகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் தாமே வந்து சேருகின்றன. கோப்புகளைச் சேமிக்க இணையத்தில் இடமும் கிடைக்கிறது. எனவே சந்தா என்றாலே வஞ்சகம் என்று சொல்வது நியாயமாகாது.

டேப்லெட்டில் உள்ள தனிச் சிக்கல்

பலர் தவறும் இடம் இதுவே. மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒருமுறை விலைக்கு விற்கும் தொகுப்பை நிறுத்திவிடவில்லை. 2024 அக்டோபரில் 'ஆபிஸ் 2024' வெளிவந்தது. ஆனால் அது விண்டோஸ் கணினி ஒன்றுக்கோ மேக் கணினி ஒன்றுக்கோ உரியது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அதை ஏற்ற முடியாது. 'சர்ஃபேஸ்' போன்று விண்டோஸில் இயங்கும் டேப்லெட் கணினியாகவே எண்ணப்படுவதால் அதில் ஏற்றலாம். ஆகவே ஐபேடோ ஆண்ட்ராய்டோ வைத்திருப்பவர், சந்தாவா கிரயமா என்று கேட்பதைவிட, "சந்தா எனக்குத் தேவையா, இலவசச் செயலி போதுமா?" என்று கேட்பதே சரி.

திரையின் அளவிலும் ஒரு நிபந்தனை உண்டு. 10.1 அங்குலமும் அதற்குக் குறைவுமான திரை உள்ள கருவியில், சொந்தப் பயன்பாட்டுக்கான அடிப்படை எழுத்து வேலையை மைக்ரோசாஃப்ட் இலவசமாக அனுமதித்தது. அதைவிடப் பெரிய திரைக்குச் சந்தா கேட்டது. 'பெரிதாக இருந்தால் ஐயாவின் கண்ணுக்கு நல்லது' என்று பெரிய டேப்லெட்டை வாங்கித் தரும் பிள்ளைகள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14). நாமும் உட்காருவோம்.

அமெரிக்காவில் 'ஆபிஸ் ஹோம் 2024' தொகுப்பு ஒரு கணினிக்கு 149.99 டாலர் என வெளிவந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரை. தனிநபருக்கான சந்தா 2025 ஜனவரியில் ஆண்டுக்கு 69.99 டாலரிலிருந்து 99.99 டாலராயிற்று, ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளும் குடும்பச் சந்தா 99.99-லிருந்து 129.99 டாலராயிற்று. இந்தியாவில் விலை ரூபாயில் வேறு. கணக்குப் போடும் முறை ஒன்றே.

ஒரே கணினியில் வேலை செய்யும் ஒருவர் ஐந்து ஆண்டுக்குச் சந்தா கட்டினால் ஏறக்குறைய 500 டாலர். கிரயமாக வாங்கினால் 150. அவருக்குக் கிரயமே இலாபம். மூன்று கணினி உள்ள வீட்டில் கிரயம் 450, ஐந்தாண்டுக் குடும்பச் சந்தா 650. இங்கும் கிரயமே குறைவு. ஐந்து கணினி என்றால் கிரயம் 750 ஆகிவிடும். அங்கே சந்தா முந்துகிறது. மேலும் சந்தாவில் டேப்லெட்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் சேமிப்பிடமும் அடங்கும். பெரிய குடும்பம், பல கருவி, நாள்தோறும் வேலை என்றால் சந்தா பொருந்தும். வாரத்துக்கு ஒரு கடிதம், மாதத்துக்கு ஒரு கணக்குத் தாள் என்றால் பொருந்தாது.

மேலே சொன்ன விலையேற்றத்திலும் ஒரு பாடமுண்டு. ஆஸ்திரேலியாவில் தனிநபர் ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159-ஆக உயர்ந்தது. 'கோபைலட்' என்னும் செயற்கை நுண்ணறிவு வசதி சேர்க்கப்பட்டது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வசதி இல்லாமல் பழைய விலையிலேயே தொடரும் திட்டமும் இருந்தது. அதைச் சந்தாதாரர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றஞ்சாட்டி அந்நாட்டின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நிறுவனம் வருத்தம் தெரிவித்து, பழைய திட்டத்துக்குத் திரும்புவோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. வாடகை எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதை மறக்கலாகாது.

கிரயமும் நித்தியமல்ல

அப்படியானால் விலைக்கு வாங்கியது என்றென்றைக்கும் நிலைக்குமா? அதுவும் இல்லை. டேப்லெட் வந்த தொடக்க ஆண்டுகளில் 'குவிக்ஆபிஸ்' என்னும் செயலியைப் பலர் விலை கொடுத்து வாங்கினார்கள். 2012-இல் கூகுள் நிறுவனம் அதை வாங்கியது, 2013-இல் இலவசமாக்கியது, 2014-இல் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. ஏற்றி வைத்திருந்தவர்களிடம் அது இருந்தது. புதிய திருத்தங்கள் வரவில்லை. கிணறு வற்றிய சொந்த நிலம் போலாயிற்று.

'ஆபிஸ் 2013' வெளிவந்தபோது, முதலில் ஏற்றிய கணினியோடு உரிமமும் முடிந்துவிடும் என்று நிபந்தனை இருந்தது. வாங்கியவர்கள் முறையிட்ட பின்பு, 2013 மார்ச்சில் வேறு கணினிக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. நாம் வாங்குவது மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தையே. மென்பொருள் மாறிக்கொண்டேயிருக்கும், நம்மிடம் நிலைத்திருக்க வேண்டியது நாம் எழுதிய எழுத்து.

தானாகக் கழியும் பணம்

சந்தாவின் கண்ணி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மாதம் இலவசம் என்று அட்டை எண்ணைக் கேட்பார்கள். மாதம் முடிவதை நாம் மறப்போம், பணம் கழியும்.

இந்தியாவில் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இவ்விதம் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வர வேண்டும். விரும்பாதவர் அதை நிறுத்தலாம். 2021 அக்டோபர் முதல் இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் கழிக்கத்தக்க தொகையின் வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை வாசியாமல் அழித்துவிடாதிருங்கள்.

செயலியை டேப்லெட்டிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிற்காது. செயலிக் கடையின் சந்தாப் பட்டியலுக்குள் சென்று ரத்து செய்ய வேண்டும். எளிதில் சேரவிட்டு, வெளியேறும் வழியை மறைத்து வைக்கும் சந்தாப் பொறியையும் சேர்த்து, 13 வகையான ஏமாற்று முறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்தது. அநியாயம் நேர்ந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

களவுப் பேனா

இனி அந்தத் தம்பி சொன்ன வழிக்கு வருவோம். "எல்லாரும் செய்கிறார்கள், பெரிய நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?" என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். உரிமம் இல்லாத பிரதி என்று அறிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. இலாப நோக்கமில்லாத இடத்தில் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். களவு செய்யலாகாது என்ற கற்பனை சீனாய் மலையில் கொடுக்கப்பட்டபோது, சிறிய களவு, பெரிய களவு என்று பிரித்துக் கொடுக்கப்படவில்லை. கொஞ்சத்தில் உண்மையுள்ளவனே அநேகத்திலும் உண்மையுள்ளவன் என்பது நம் ஆண்டவரின் அளவுகோல் (லூக்கா 16). தகப்பன் களவுப் பிரதியில் பிரசங்கக் குறிப்பு எழுதுவதைப் பார்க்கிற பிள்ளை, பிரசங்கத்தைவிட அதையே நன்றாகக் கற்றுக்கொள்ளும். சில நூறு ரூபாய்க்கு 'ஆயுள் உரிமம்' என்று இணையத்தில் விற்கப்படும் எண்களையும் நம்பாதிருங்கள். அவற்றில் பல, நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுக்கப்பட்ட உரிமங்களைப் பிரித்து விற்பவை. என்றைக்கு வேண்டுமானாலும் செல்லாமற்போகும்.

உக்கிராணக்காரன் செய்ய வேண்டியவை

1. முதலில் தேவையை எழுதுங்கள். யார், எந்தக் கருவியில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துவார்கள்? பாதிக்கு மேல் வெறும் வாசிப்பு என்றால் சந்தா வேண்டியதில்லை.

2. இலவசமும் நேர்மையுமான வழிகளைச் சோதியுங்கள். கூகுளின் எழுத்து, கணக்குச் செயலிகள் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் இயங்கும். ஆப்பிளின் 'பேஜஸ்' ஐபேடில் உண்டு. 'லிப்ரே ஆபிஸ்' வழிவந்த 'கொலாபரா ஆபிஸ்' இரண்டிலும் கிடைக்கிறது. ஒரு மாதம் அவற்றில் எழுதிப் பார்த்த பின் முடிவுசெய்யுங்கள்.

3. பிள்ளைகளின் பள்ளியோ கல்லூரியோ மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், கல்விக்கான இலவசத் திட்டம் அதோடு உண்டா என்று கேளுங்கள். சபையோ ஊழியமோ பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருந்தால், இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான சலுகைக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள். வீட்டுக்கான சந்தாவை நிறுவன வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் நிபந்தனையில் வாசியுங்கள்.

4. சந்தா எடுத்தால், புதுப்பிக்கும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சபைக்கான சந்தா ஒரு தனி மனிதரின் அட்டையில் இருக்கலாகாது. தீர்க்கதரிசிகளின் புத்திரர் யோர்தானில் தவறவிட்ட கோடரி இரவல் கோடரி என்பதை நினைவில் கொள்ளுங்கள். சபையின் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே கட்டுங்கள். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும்.

5. மாதந்தோறும் முக்கியமான கோப்புகளின் பிரதியை வேறோர் இடத்தில் வையுங்கள். வாசிப்பதற்கு பி.டி.எஃப் வடிவிலும், திருத்துவதற்கு எல்லாச் செயலிகளும் திறக்கக்கூடிய பொது வடிவிலும் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிரசங்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அந்தச் சனிக்கிழமை இரவு என்ன நடந்தது? போதகரை அழைத்துச் சிறிது நேரம் ஜெபித்தார்கள். பிறகு அதே தம்பிதான் உதவினான். பூட்டியிருந்த கணக்குத் தாளின் பிரதியை எடுத்து, இலவசச் செயலி ஒன்றில் திறந்தான். இரண்டு இடங்களில் கட்டம் கலைந்திருந்தது, சரிசெய்தார்கள். இரவு ஒரு மணிக்கு மார்ச் மாத வரவுசெலவு நிறைவாயிற்று. மறுநாள் மூத்த சகோதரர் சபையார் முன் நின்று கணக்கை வாசித்தார். கடைசியில், "இந்தக் கணக்கில் உள்ள பணமும் நேர்மையானது, இதை எழுதிய கருவியும் நேர்மையானது" என்றார். பின்வரிசையில் இருந்த அந்தத் தம்பியின் குரலே முதலாவதாக "ஸ்தோத்திரம்" என்று ஒலித்தது.

அந்தச் சபை இன்றும் சந்தா எடுக்கவில்லை. அவர்களுடைய வேலைக்கு அது தேவைப்படவில்லை. உங்கள் வீட்டுக்குத் தேவைப்படலாம். எடுப்பீர்களானால் அறிந்து எடுங்கள்; வாங்குவீர்களானால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். எதைப் பயன்படுத்தினாலும், நம்முடைய உக்கிராணத்துவத்தின் கணக்கை ஒருநாள் எஜமான் கேட்பார் என்ற உணர்வோடு பயன்படுத்துங்கள். கர்த்தர் தாமே உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.